சேர்வராயன் மலை வழிபாட்டில் ஆய்வா? நெறியாளரை இப்படித் தேர்ந்தெடுங்கள்

சேர்வராயன் குகைக்கோயில், சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா போன்ற தலைப்புகளில் பிஎச்.டி. செய்ய வருபவர்கள் பலர், பேராசிரியரின் 'ஆய்வு ஆர்வங்கள்' பட்டியலை நம்பி விண்ணப்பித்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் ஒவ்வொரு கருத்தரங்குக்குப் பிறகும் ஒரு வரி நீளும். பார்க்க வேண்டியது அவருடைய ஆய்வேட்டை.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் அவர் பெயரை ஆய்வாளராக ஒருமுறை, நெறியாளராக ஒருமுறை தேடுங்கள். ஆய்வேடு கிடைத்தால் முன்னுரையை விட்டுவிட்டுப் பின்னிணைப்பைத் திறந்து பாருங்கள். தகவலாளர் பட்டியலில் ஊர், வயது, தொழில், பேட்டி கண்ட நாள் எல்லாம் இருந்தால் களப்பணி அறிந்தவர். நாளே இல்லாத பட்டியல் சந்தேகத்துக்குரியது. சைவ மெய்கண்ட சாத்திரங்களிலோ வைணவப் பாசுரங்களிலோ ஊறியவர் என்றால் அது குறையல்ல. ஆனால் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினரின் (கேரள மலையாளிகள் அல்ல) வழிபாட்டு மரபு பெரும்பாலும் வாய்மொழியில் இருக்கிறது. பனுவல் அறிஞர், அதாவது எழுத்து நூல்களை ஆராய்பவர், உங்களையும் பனுவல் பக்கமே இழுப்பார். பாதி வழியில் தலைப்பை மாற்ற நேரும். அவரிடம் முடித்த மாணவர்களின் ஆய்வேடுகளையும் புரட்டுங்கள். மலையாளிகள் பற்றிய இயல் முழுக்க 1909-இல் வெளியான, தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தால், மாணவரை மலையேற்றிய நெறியாளர் அல்ல அவர்.

சமயவியல் என்ற பெயர்ப்பலகையை மட்டும் தேட வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவவியல் எனத் தனித்தனித் துறைகள் உண்டு. நாட்டார் வழிபாட்டுக்கு சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் தமிழ், வரலாறு, சமூகவியல் துறைகளையும் பாருங்கள்.

அவரிடம் ஆய்வு மாணவர் இடம் காலியா என்று முதலிலேயே கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக இருந்தால் புதிதாக யாரையும் எடுக்க முடியாது.

கடிதம் ஒரு பக்கம் போதும்: உங்கள் ஆய்வுக் கேள்வி இரண்டு வரியில், போக நினைக்கும் ஊர்கள், அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து எழுந்த ஐயம். 'தங்கள் கீழ் ஆய்வு செய்ய ஆவல்' என்று மட்டும் எழுதினால் பதில் வராது.

சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதம். ஜூனில் பதிவு செய்தால் முதல் திருவிழாவுக்குப் பதினோரு மாதம் ஆகும். ஆகவே கோர்ஸ் வொர்க்கையும் (பிஎச்.டி. தொடக்கத்தில் முடிக்க வேண்டிய பாடங்கள்) வினாநிரலையும் அதற்குள் முடித்துவிடுங்கள். பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் படமெடுக்க, ஒலிப்பதிவு செய்ய முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அந்த ஒரு மே தவறினால் அடுத்ததற்கு முழு ஆண்டு காத்திருக்க வேண்டும்.