பிழைப்புக்கு நடுவே விசுவாசமாக இருக்க லேவியராகமம் 19

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டுக்கு முன்பக்கம் மிஷின்கள் போட்டு, எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டியும் உள்பாவாடையும் தைத்துக் கொடுக்கிறேன். புதிதாகச் சபைக்கு வருகிற பெண்கள் "அக்கா, வேலைக்கு நடுவுல எப்படி கர்த்தருக்குப் பிரியமா நடக்குறது?" என்று கேட்பார்கள். பைபிளில் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை எடுக்கச் சொல்லுவேன். பலி, பிராயச்சித்தம் என்று பயந்து நாம் புரட்டிவிட்டுப் போகும் புத்தகம்தான். ஆனால் இந்த அதிகாரத்தின் 37 வசனங்களில் கூலி, அளவு, கோள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் வந்துவிடும். பிறனை உன்னைப்போல் நேசி என்று இயேசு எடுத்துச் சொன்னதும் இங்கே 18-ஆம் வசனத்தில் இருப்பதுதான்.

முதலில் 13-ஆம் வசனம். கூலிக்காரரின் கூலி விடியும்வரை உங்களிடம் இருக்கக் கூடாது. எங்கள் தொழிலில் பீஸ் கணக்கு, சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா. தீபாவளி நெருங்கினால் கடைக்காரர் "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்பார். அது நமக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. காஜா எடுக்கிற பெண் அதற்காக ஏன் காத்திருக்க வேண்டும்? அதனால் ஒரு வாரக் கூலியைத் தனியாக ஒதுக்கி, தொடாமல் வையுங்கள். ஒரேயடியாக முடியாது. பண்டிகை சீசனில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் சேரும். கூலி பாக்கி இருக்கும்போது காணிக்கைக் கவரை நிரப்பாதீர்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

9, 10 வசனங்கள் வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடச் சொல்கின்றன. நமக்கு வயல் ஏது? வெட்டுத்துணி இருக்கிறதே. கடைக்காரர் கொடுத்த துணியில் மிச்சமானது அவருடையது, கேட்காமல் எடுக்கக் கூடாது. நம் காசில் வாங்கிய துணியின் மிச்சத்தை ஒரு சாக்கில் போட்டு வாசலில் வைத்துவிடுங்கள். கால்மிதி தைக்கிறவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். யார் எடுத்தார்கள் என்று பார்க்கவும் வேண்டாம், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடவும் வேண்டாம்.

அளவில் ஏமாற்றாதே என்பது 35, 36. மடிப்பில் அரை இஞ்ச் குறைத்தால் நூறு நைட்டிக்கு எவ்வளவு துணி மிஞ்சும் என்று எல்லா டெய்லருக்கும் தெரியும். அவ்வளவுதான் சொல்லுவேன்.

33, 34 அந்நியனைப் பற்றியது. பீகாரிலிருந்து வந்து ஓவர்லாக் ஓட்டுகிற பையனுக்கும் நம் ஊர் டெய்லருக்கும் ஒரே வேலைக்கு ஒரே ரேட் கொடுங்கள். கணக்கு நோட்டை அவனுக்குப் புரிகிற மாதிரி எண்களில் எழுதிக் காட்டுங்கள். 'இந்திக்காரன்' என்று கூப்பிடாமல் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

கோள் சொல்லித் திரியாதே என்பது 16. மிஷின் சத்தத்தையும் மீறிக் கதை ஓடும் இடம் தையல் கூடம். யார் மேலாவது வருத்தம் இருந்தால் 17 சொல்கிறபடி அவரிடமே நேராகப் பேசுங்கள். மற்றவர்கள் போன பிறகு, டீ குடித்துக்கொண்டே பேசினால் பாதி வேகம் குறைந்துவிடும்.

நடுவில் 19-ஆம் வசனம் வரும், இருவகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்று. பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த பாலிகாட்டன் தைக்கிற எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அது இஸ்ரவேலருக்குக் கொடுத்த சடங்குக் கட்டளை என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் விளக்கினார். தைக்கலாம்.

ஜெபிக்கத் தனி அறை கிடையாதா? எங்கள் பக்கத்து வீடுகளில் யாருக்கு இருக்கிறது? மற்றவர்கள் எழுவதற்கு முன்னே மொட்டை மாடிக்குப் போங்கள், மழையென்றால் மாடிப்படி. வாரத்துக்கு இரண்டு மூன்று வசனம் போதும். பென்சிலால் கோடு போட்டு, சனிக்கிழமை கணக்கு நோட்டை மூடும்போது அதையும் ஒருமுறை பாருங்கள். முடித்த பிறகு யாக்கோபு நிருபத்துக்குப் போங்கள். ஐந்தே அதிகாரம். கடைசி அதிகாரத்தில் மறுபடியும் கூலிப் பேச்சு வரும்.