சால்டரிங் அயர்னை அணைக்கும் முன் முனைக்கு ஈயம் பூசுங்கள்

ஈயத்தை (சால்டர் கம்பியை) உருக்கி மின் இணைப்புகளை ஒட்டும் பேட்டரி சால்டரிங் அயர்னில் வேலை முடிந்ததும் முனையைச் சுத்தமாகத் துடைத்து வைக்காதீர்கள். சூடு இருக்கும்போதே புது ஈயத்தை முனை முழுக்க உருகவிட்டு, அப்படியே அணைத்துவிடுங்கள். அடுத்த முறை சூடானதும் ஈரப் பஞ்சில் ஒரு தடவை துடைத்தால் போதும், வெள்ளி மாதிரி மின்னும்.

முனையின் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கிறது. 350 டிகிரி சூட்டில் காற்று பட்டால் அது கறுத்துவிடும். கறுத்த முனையில் ஈயம் ஒட்டாது, சூடும் சரியாக இறங்காது. அதை அழுத்திப் பிடித்துக் காத்திருக்கும் நேரமெல்லாம் பேட்டரிதான் தீர்கிறது.

பூச்சு தேய்ந்து உள்ளே செம்பு குழி விழுந்துவிட்டால் இது உதவாது, முனையை மாற்றத்தான் வேண்டும். அப்புறம், கறுத்த முனையை அரத்தால் மட்டும் ராவிவிடாதீர்கள். மிச்சமிருக்கும் பூச்சும் அதோடு போய்விடும்.