பிள்ளை எழுந்திருக்கவில்லை என்று திட்டுவதற்கு முன்

பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் அதிகாலை எப்படி விடியும் என்று எல்லோருக்கும் தெரியும். அலாரம் மூன்று முறை அடித்து ஓய்ந்திருக்கும். அம்மா போர்வையை இழுப்பார். "ராத்திரி படுன்னா படுக்கிறதில்ல, காலையில எழுன்னா எழுந்திருக்கிறதில்ல" என்று அப்பா சத்தம் போடுவார்.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. அது சோம்பேறித்தனம் இல்லை. பருவ வயதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு உடலைத் தயார் செய்யும் மெலடோனின், சின்ன வயதில் சுரந்ததைவிட ஒன்று, இரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கத் தொடங்கும். ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்தாலும் பிள்ளை பதினொன்று வரை புரண்டுகொண்டுதான் இருக்கும். கைபேசி இதை இன்னும் மோசமாக்கும், உண்மைதான். ஆனால் அதைப் பிடுங்கி வைத்துவிட்டால் மட்டும் பத்து வயதுத் தூக்கம் திரும்பி வந்துவிடாது.

"வளர்ந்த பிள்ளைதானே, ஆறு மணி நேரம் போதாதா?" என்பது அடுத்த தவறு. வயது ஏற ஏறத் தூக்கத்தின் தேவை குறையும் என்றுதான் ஆய்வாளர்களும் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கேடன், பிள்ளைகளைக் கோடை முகாமில் தங்கவைத்து, தினமும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கவிட்டுப் பார்த்தார். வளர்ந்த பிள்ளைகளும் சின்னவர்களைப் போலவே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள். இன்றைய மருத்துவப் பரிந்துரையும் 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் என்பதுதான்.

இப்போது நம் கணக்கைப் பாருங்கள். ஐந்தரை மணிக்கு டியூஷன் என்றால் நாலே முக்காலுக்கு எழ வேண்டும். பதினொன்றுக்குத் தூங்கியிருந்தால் ஆறு மணி நேரம்கூட இல்லை. விடியற்காலையில் படித்தால் மனதில் பதியும் என்ற நம்பிக்கை, எட்டு மணிக்கே ஊர் அடங்கிய காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம். கனவுத் தூக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. நாம் வெட்டி எறிவது சரியாக அந்தப் பகுதியைத்தான். ஒரு மணி நேரப் பாடத்துக்காக இதை இழப்பது எனக்குச் சற்றும் நியாயமாகப் படவில்லை.

"பள்ளியை லேட்டாக ஆரம்பித்தால் பிள்ளைகள் இன்னும் லேட்டாகத்தான் படுப்பார்கள்" என்பார்கள். 2016இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் உயர்நிலைப் பள்ளிகளின் நேரத்தை 7:50இலிருந்து 8:45க்கு மாற்றியது. ஆய்வு நடந்த இரண்டு பள்ளிகளில் மாணவர்களின் தூக்கம் 34 நிமிடம் கூடியது. கலிஃபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8:30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் ஊரில் பள்ளி மணி ஒன்பதை ஒட்டி அடித்தாலும், வேன் ஏழு மணிக்கே வாசலில் நிற்கிறது. அதற்கும் முன்னால் டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ். பள்ளி எத்தனை மணிக்கு என்று பார்க்காமல், அலாரம் எத்தனை மணிக்கு என்று பாருங்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூங்கவிட்டு ஈடுகட்டலாமா? அப்படிச் செய்தால் கடிகாரம் இன்னும் தள்ளிப்போய்த் திங்கட்கிழமை நரகமாகும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், அப்புறம் எழுப்பி வெயில்படும் இடத்தில் உட்கார வையுங்கள். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். பள்ளி விட்டு வந்ததும் இருபது நிமிடக் குட்டித் தூக்கம் நல்லது. இரவு கண்விழித்துப் படிக்கக் காபி போட்டுத் தருவது வேண்டாம்.

டியூஷனில் மாலை பேட்ச் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். இல்லை என்றால் இன்னும் நாலு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.