கொழிஞ்சாம்பாறையிலிருந்து எந்த ஊருக்கு? வெளிநாட்டில் நகரம் தேர்ந்தெடுக்கும் முறை

வாளையார் முதல் கோவிந்தாபுரம் வரை, பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்நாட்டு எல்லையோர வீடுகளில் "பையன் கல்ஃப் போறான்", "பொண்ணு ஜெர்மனி போறா" என்றுதான் பேசிக்கொள்கிறோம். நாட்டின் பெயரோடு பேச்சு நின்றுவிடுகிறது. வாடகை கொடுப்பதும், பஸ் ஏறுவதும், வேலை போனால் இன்னொன்று தேடுவதும் அந்த நாட்டில் ஏதோ ஒரு ஊரில்தானே? ருவைஸும் துபாயும் ஒரே அமீரகத்தில்தான் இருக்கின்றன. ருவைஸ் எண்ணெய் ஆலைகளின் ஊர். துபாய் கடை, அலுவலகம், ஹோட்டல் என்று பல தொழிலும் நடக்கிற ஊர். பி.காம். முடித்தவருக்கும் ஐ.டி.ஐ. ஃபிட்டருக்கும் ஒரே ஊர் பொருந்தாது.

அதனால் தொழிலிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளில் உங்கள் தொழிலை எழுதி, அதற்குக் கீழே அந்தத் தொழில் நடக்கும் ஊர்களை எழுதுங்கள். கஞ்சிக்கோட்டில் இரண்டு மூன்று வருடம் வெல்டராகவோ ஃபிட்டராகவோ இருந்தவருக்கு சவுதியில் ஜுபைல், கத்தாரில் ராஸ் லஃபான், ஓமனில் சொஹார் என்று ஆலை நகரங்கள் வரும். பிறகு ஒவ்வொரு ஊருக்கும் எதிரே, உங்கள் தொழிலுக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகளின் பெயரை எழுதுங்கள். ஐந்து பெயர்கூடத் தேறவில்லை என்றால் அந்த ஊரை அடித்துவிடலாம். பெரும்பாலான நாடுகளில் வேலை விசா முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால், கொடுக்கும் குறுகிய அவகாசத்துக்குள் வேறொருவர் உங்களை எடுத்தாக வேண்டும்; அதே ஊரில் கம்பெனிகள் இருந்தால்தான் அது சுலபம். எத்தனையோ பேர் கடனோடு திரும்பி வருவது முதல் சம்பளம் குறைந்ததால் அல்ல, இரண்டாவது வேலை கிடைக்காததால்.

மிச்சம் எவ்வளவு?

அடுத்தது கணக்கு. சம்பளத்தை ரூபாயாக மாற்றிப் பார்த்து மயங்காதீர்கள். அந்த ஊர்ப் பணத்திலேயே எழுதுங்கள்: கைக்கு வரும் சம்பளம், அதிலிருந்து வாடகை, கரண்ட், தண்ணீர், சாப்பாடு, போக்குவரத்து, போன், மருத்துவக் காப்பீடு. எல்லாம் கழித்து நிற்பதுதான் உங்கள் சம்பளம். வீட்டில் வாங்கிய கடனின் மாதத் தவணை அந்த மிச்சத்தில் பாதியைத் தாண்டினால் வேறு ஊர் பாருங்கள். ஒரு மாதம் காய்ச்சலில் படுத்தால்கூட தவணை தவறிவிடும்.

கல்ஃபில் இன்னொரு சூட்சுமம் உண்டு. சம்பளத்தை 'பேசிக்' (அடிப்படைச் சம்பளம்) என்றும் படிகள் என்றும் பிரித்து எழுதுவார்கள். அமீரகச் சட்டப்படி, ஒரு வருடம் முடித்தவருக்கு வேலையை விடும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக் என்ற கணக்கில் வரும். இரண்டு கம்பெனிகள் 3,000 திர்ஹாம் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் பேசிக் 1,200, மற்றதில் 2,000. ஐந்து வருடம் கழித்து முதலாவதில் கிடைப்பது 4,200 திர்ஹாம், இரண்டாவதில் 7,000. மாதச் சம்பளம் ஒன்றுதான், கடைசியில் கைக்கு வருவது வேறு. ஆகவே ஆஃபர் கடிதத்தில் முதலில் பேசிக் வரியைத் தேடுங்கள். துபாயில் வேலை, ஷார்ஜாவில் பெட் ஸ்பேஸ் (பகிர்ந்த அறையில் ஒரு கட்டில்) என்று வாடகையை மிச்சம் பிடிக்கப் போகிறவர்கள், காலையும் மாலையும் அந்தச் சாலையில் நெரிசலில் போகும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர் என்றால் முதல் கேள்வி 'எந்த பாஸ்?', அதாவது எந்த வகை வேலை அனுமதி என்பதுதான். 2025 ஜனவரி முதல் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்த மாதச் சம்பளம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிதித் துறையில் 6,200. வயது ஏற ஏற இந்த வரம்பும் ஏறும். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி. யாராவது 2,000 வெள்ளி சம்பளத்துக்கு எஸ் பாஸ் வாங்கித் தருகிறேன் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

படிக்கப் போகிறவர்களுக்கு

இங்கே ஊருக்கு ஊர் வித்தியாசம் இன்னும் பெரிது. ஜெர்மனியில் எந்த ஊருக்குப் போனாலும் பொதுவாக பிளாக்டு அக்கவுன்டில் (மாதா மாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ எடுக்கலாம். மியூனிக்கில் ஓர் அறையின் வாடகையே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். லைப்சிக், கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு நகரங்களில் மூச்சு விட இடமிருக்கும். ஸ்டுட்கார்ட், ஹைடல்பெர்க், ஃப்ரைபர்க் எல்லாம் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வருகின்றன; அங்கே நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் அரசுப் பல்கலைக்கழகங்களே செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகின்றன. வீட்டு விளம்பரத்தில் 'கால்ட்மீட்டே' என்று இருந்தால் அது வெறும் வாடகை. ஹீட்டிங் சேர்ந்தது 'வார்ம்மீட்டே'. முதலாவதை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டவர்கள் குளிர்காலத்தில் திணறுவார்கள்.

பிரிட்டனில் விசா விதியே லண்டனையும் மற்ற ஊர்களையும் பிரிக்கிறது. 2025 நவம்பர் முதல் மாணவர் காட்ட வேண்டிய செலவுத் தொகை லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171. ஒன்பது மாதத்துக்கு 3,222 பவுண்டு வித்தியாசம். ஆஸ்திரேலியாவில் சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் விட்டு அடிலெய்டு, பெர்த் போன்ற ஊர்களில் படித்தால், அவை 'ரீஜனல்' கணக்கில் வருவதால் நிரந்தர வசிப்புரிமைக்கான (பி.ஆர்.) புள்ளிகளில் 5 கூடுதலாகக் கிடைக்க வழியுண்டு. குறைந்தது இரண்டு கல்வியாண்டு அங்கேயே தங்கிப் படித்திருக்க வேண்டும்.

எல்லையோரத்தாரின் காகிதச் சிக்கல்

இதை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வீடு கேரளத்தில், டிகிரி கோயம்புத்தூரில் என்றால் சான்றிதழ் அட்டெஸ்டேஷனுக்கான (உண்மைச் சான்றிதழ்தான் என்று அரசு உறுதி செய்வது) மாநில முத்திரை வீட்டு முகவரியைப் பார்த்து வராது. சான்றிதழ் கொடுத்த பல்கலைக்கழகம் எந்த மாநிலமோ அங்கேதான் வாங்க வேண்டும். கோவையில் வாங்கிய டிகிரியைத் தூக்கிக்கொண்டு நோர்க்கா (வெளிநாடு வாழ் கேரளத்தாருக்கான கேரள அரசு அமைப்பு) அலுவலகத்தில் மாநில முத்திரை கேட்டால் நாள்தான் வீணாகும். அதன் பிறகு ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்பது முக்கியம்: அப்போஸ்டில் (தூதரக முத்திரை இல்லாமலே சான்றிதழை ஏற்க வைக்கும் முத்திரை) ஒப்பந்தத்தில் சேர்ந்த சவுதி, ஓமன், பஹ்ரைன் போன்ற நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் போதும். அமீரகத்துக்கு அமைச்சகத்தின் அட்டெஸ்டேஷனோடு தூதரக முத்திரையும் வேண்டும். காலமும் பணமும் கூடும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

பெயரையும் சரிபாருங்கள். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் என்று பலருக்கு இருக்கிறது. 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளை விசிட் விசாவுக்கு ஏற்க மறுத்தது. பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியது. அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர்ப் பகுதியில் சேர்த்துப் புது பாஸ்போர்ட் எடுத்துவிடுவது நிம்மதி. தமிழிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் ஒரே பெயரை இரண்டு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். எல்லாக் காகிதத்திலும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு கல்ஃப் உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். ஏஜென்டின் உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். உரிமம் உள்ளவர்கூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 35,400க்கு மேல் வாங்கக் கூடாது. விசிட் விசாவில் போய் வேலை செய்யச் சொன்னால் அது சட்டவிரோதம், மாட்டுவது நீங்கள்தான். 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' வேலை, டிக்கெட் பாங்காக் வரை, அதன் பிறகு காரில் கூட்டிப் போவோம் என்று வரும் அழைப்பை அறவே விடுங்கள். அப்படிப் போனவர்கள் மியான்மரின் மியாவடியில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கியதால் 2022இலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டது.

நமக்கென்று ஒரு வசதியும் இருக்கிறது. வீட்டில் தமிழ், பஸ்ஸிலும் அலுவலகத்திலும் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் நாம். கல்ஃப் நகரங்களில் கடை, கிளினிக், கட்டுமானம் என்று மலையாளி மேற்பார்வையாளர்கள் எங்கும் இருக்கிறார்கள். பயோடேட்டாவில் இரண்டு மொழியையும் எழுதுங்கள். ஜெர்மனியில் செவிலியர் பதிவுக்குப் பெரும்பாலும் பி2 நிலை (சரளமாகப் பேசும் அளவு) ஜெர்மன் தேவை என்பதால், அந்தப் பரீட்சை முடிந்த பிறகு ஊரை முடிவு செய்தால் போதும்.

விமானமும் பார்க்க வேண்டியதே. பீளமேடு (கோவை), நெடும்பாசேரி (கொச்சி) விமான நிலையங்கள் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஊருக்கும் எதிரே, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் எத்தனை மணி நேரத்தில் வாசலில் வந்து நிற்கலாம் என்று எழுதுங்கள். நேர் விமானம் உள்ள ஊருக்கும், இரண்டு இடத்தில் மாறி வர வேண்டிய ஊருக்கும் உள்ள வித்தியாசம் அந்த நேரத்தில்தான் தெரியும். திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தைக் கிளம்பும் முன்பே தனிக் கணக்கில் போட்டு, பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.