உதட்டசைவைப் படிக்கப் பழகுவது எப்படி? கணினியை வைத்துத் தமிழில் ஒரு பயிற்சி

"நாலு மணிக்கு வந்துடு" என்று தம்பி சொன்னதை "ஆறு மணிக்கு" என்று எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் போய் நின்றேன். காதுக்கருவி போட்டிருந்தும் அப்படி ஆனது. இனி உதட்டசைவைப் படிக்க ஒழுங்காகப் பழகிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் கணினியில் உட்கார்ந்தேன். உங்களுக்கோ வீட்டில் யாருக்காவதோ கேட்கும் திறன் குறைந்துகொண்டு வந்தால், கேட்பது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே இதைத் தொடங்கிவிடுங்கள்.

இதற்கென்றே செய்த மென்பொருள்கள் இருக்கின்றன. சென்சிமெட்ரிக்ஸ் என்ற நிறுவனத்தின் 'சீயிங் அண்ட் ஹியரிங் ஸ்பீச்' அதில் ஒன்று. ஆனால் அது ஆங்கிலத்துக்கானது, தமிழ் வாயைப் படிக்க அதிகம் உதவாது. நமக்கு வேண்டிய பயிற்சியை நாமே தயாரித்துக்கொள்ளலாம். ஒரு கைப்பேசி கேமரா, வீடியோ ஓட்டும் விஎல்சி பிளேயர், கேள்வி-பதில் அட்டைகளைக் காட்டிப் பழக வைக்கும் ஆன்கி என்ற மென்பொருள் ஆகிய மூன்றும் போதும். விஎல்சியும் கணினிக்கான ஆன்கியும் இலவசம்தான்.

முதலில் எது தெரியும், எது தெரியாது என்று புரிந்துகொள்ளுங்கள். கண்ணாடி முன் நின்று படம், மடம், பணம், மணம், பூட்டு, மூட்டு என்று சத்தம் வராமல் சொல்லிப் பாருங்கள். ப-வுக்கும் ம-வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். க தொண்டைப் பக்கம் பிறக்கிறது, ட, ண, ள, ழ எல்லாம் நாக்கை உள்ளே மடித்துச் சொல்பவை, அதனால் வெளியே ஒன்றும் தெரியாது. வ கொஞ்சம் தயவு காட்டும், மேல்பல் கீழுதட்டைத் தொட வருவது கண்ணில் படும். ஆ, ஈ, ஊ மூன்றும் நன்றாகப் பிரிந்து தெரியும். ஆக, பேச்சில் பெரும்பகுதி கண்ணுக்குக் கிடைக்காது, மிச்சத்தைச் சூழலை வைத்துத்தான் நிரப்பியாக வேண்டும். இது தெரியாமல் தொடங்குபவர்கள் தங்களுக்குத் திறமை போதவில்லை என்று நினைத்து ஒரு வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள், அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும்.

தமிழில் இன்னொரு சங்கதி உண்டு, நான் தாமதமாகத்தான் கவனித்தேன். 'மரம்' என்று எழுதுகிறோம், ஆனால் பேசும்போது கடைசி ம்-முக்கு உதடு மூடுவதே இல்லை, குரல் மூக்கு வழியாகப் போய் முடிந்துவிடுகிறது. 'வேண்டாம்' என்பது 'வேணாம்' ஆகி, வாய் திறந்தபடியே நிற்கும். 'இடம்' 'எடம்' ஆகிறது, 'உடம்பு' 'ஒடம்பு' ஆகிறது. எழுத்தை மனதில் வைத்துக்கொண்டு உதட்டைத் தேடினால் அங்கே அது இருக்காது. செய்தி வாசிப்பவர்களின் வீடியோவை வைத்துப் பழகலாம்தான், முகம் நேராகவும் வெளிச்சமாகவும் இருக்கும். ஆனால் அவர்கள் எழுத்துத் தமிழ் பேசுகிறார்கள், வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அதனால் நீங்கள் தினமும் யாரிடம் பேசுகிறீர்களோ அவர்களையே படம்பிடியுங்கள்.

தினமும் காதில் விழும் வாக்கியங்களாக இருபது முப்பது எழுதிக்கொள்ளுங்கள். சாவி எங்கே, மாத்திரை போட்டாச்சா, எத்தனை மணிக்குக் கிளம்பறே, இந்த மாதிரி. கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும், வெளிச்சம் முகத்தில் விழட்டும், ஜன்னல் முதுகுப்பக்கம் வேண்டாம். நொடிக்கு 60 பிரேம் (தனித்தனிப் படம்) எடுக்கும் வசதி இருந்தால் அதில் எடுங்கள். வாயை அகலத் திறந்து நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், அப்படிப் பேசினால் உதட்டின் வடிவமே மாறிவிடும். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மூன்று முறை, தனித்தனிக் கோப்பாக எடுங்கள். சிலதைப் பக்கவாட்டிலிருந்தும் எடுக்கலாம்.

சரி, இனி விஎல்சி. வீடியோவைத் திறந்து, எம் (M) விசையை அழுத்தினால் சத்தம் போய்விடும். முதல் முறை இயல்பான வேகத்தில் பார்த்து, என்ன தோன்றுகிறதோ அதைத் தாளில் எழுதிவிடுங்கள், தப்பானாலும் பரவாயில்லை. அப்புறம் [ விசையால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், ] விசை கூட்டும். ஈ (ஆங்கில E) விசை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தும். பார்வை மெனுவில் மேம்பட்ட கட்டுப்பாடுகளை இயக்கினால், குறிப்பிட்ட ஒரு துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டும் பொத்தான் கிடைக்கும். நான் 'நாலு', 'ஆறு' இரண்டையும் இப்படித்தான் பிரித்தேன். இரண்டிலும் வாய் ஆ என்று திறந்து, பிறகு சுருங்குகிறது, ஆனால் 'நாலு' தொடங்கும்போது நாக்கு நுனி மேல்பல்லைத் தொட்டு விலகுவது ஒன்றிரண்டு பிரேமில் தெரிகிறது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் முழு வேகத்திலும் அதைப் பிடிக்க முடிகிறது. மெதுவாக ஓட்டுவது இந்த அடையாளத்தைக் கண்டுபிடிக்க மட்டும்தான். அதிலேயே தங்கிவிடாதீர்கள், யாரும் நமக்காகப் பாதி வேகத்தில் பேசப்போவதில்லை.

ஆன்கியில் அட்டையின் முன்பக்கம் சத்தமில்லாத வீடியோ, பின்பக்கம் அந்த வாக்கியம். தெரிந்ததை நாள் தள்ளிக் காட்டும், தெரியாததைச் சீக்கிரம் திரும்பக் காட்டும். இதில் ஒரு ஆபத்து, இரண்டு வாரத்தில் உதட்டை விட்டுவிட்டு வீடியோவையே மனப்பாடம் செய்துவிடுவோம். சட்டை நிறத்தைப் பார்த்தே பதில் வந்துவிடும். ஒரே வாக்கியத்தைப் பல முறை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரே உடையில், ஒரே இடத்தில், 'நாலு மணிக்கு வா', 'ஆறு மணிக்கு வா', 'ஏழு மணிக்கு வா' என்று மூன்றும் கலந்து வந்தால் ஏமாற்ற முடியாது.

இதோடு வாரம் இரண்டு நாளாவது வீடியோ அழைப்பில் ஒருவரோடு பழகுங்கள். அவர் உங்களுக்குத் தெரியாத ஒரு பத்தியைச் சிறுசிறு துண்டாகப் படிக்க வேண்டும், நீங்கள் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு துண்டையும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக வரும்வரை அவர் அடுத்ததுக்குப் போகக் கூடாது. பத்து நிமிடம் ஆனதும் எத்தனை சொல் கடந்தது என்று எண்ணி, நிமிடத்துக்கு எத்தனை என்று குறித்து வையுங்கள். இது டி ஃபிலிப்போ, ஸ்காட் என்ற ஆய்வாளர்கள் 1978-இல் வெளியிட்ட முறை, முன்னேற்றத்தை இதைவிட நேர்மையாகக் காட்டும் வழி எனக்குத் தெரிந்து இல்லை. இணையம் திக்கித் திணறினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், உறைந்து நிற்கும் படத்தில் படிக்க எதுவும் இல்லை.

கொஞ்சமாவது கேட்கிறது என்றால் எப்போதும் சத்தத்தை முழுக்க அணைக்காதீர்கள். சில நாள் மிகக் குறைந்த ஒலியில் வைத்துப் பாருங்கள். காதுக்கு 'பா' ஒலியையும் கண்ணுக்கு 'கா' சொல்லும் வாயையும் கொடுத்தால் பலருக்கு 'டா' என்று கேட்கும், மெக்கர்க், மெக்டொனால்டு என்ற ஆய்வாளர்கள் 1976-இல் காட்டியது இது. காதும் கண்ணும் மூளையில் சேர்ந்துதான் வேலை செய்கின்றன, ஆகவே பயிற்சியிலும் இரண்டும் சேரட்டும்.

ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் போதும். கண் களைத்த பிறகு ஊகம் தாறுமாறாக ஓடும். மறந்துவிடாமல் இன்னொன்றையும் பழகுங்கள். புரியாதபோது "என்ன?" என்று கேட்டால் அதே வாக்கியம்தான் அதே உதட்டில் திரும்ப வரும். "வேற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். எண்ணாக இருந்தால் விரலில் காட்டச் சொல்லுங்கள். தம்பி இப்போது மணி சொல்லும்போதெல்லாம், நான் கேட்காமலே, நாலு விரலையும் தூக்கிக் காட்டிவிடுகிறான்.