ஆனி, ஆடியில் சளி அண்டாமல் இருக்க

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்தால் பொள்ளாச்சி, கோவைப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது மூக்கை உறிஞ்சுவார். சளியைக் கொண்டுவருவது காற்றல்ல, வைரஸ்; பெரும்பாலும் ரைனோவைரஸ். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டு நெருங்கி உட்காருகிறோமே, வைரஸ் பரவ அதுவே தோது. டவுன் பஸ்ஸில் ஷட்டரை நாலு விரல் அளவாவது தூக்கி வையுங்கள்.

அடுத்தது கை. பஸ் கம்பியையும் பனியன் கம்பெனித் தண்ணீர்க் குழாயையும் தொட்ட விரல் மூக்குக்கோ கண்ணுக்கோ போகும்போது கிருமி உள்ளே நுழைகிறது. வீட்டுக்கு வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னும் சோப்புப் போட்டு 20 விநாடி தேயுங்கள். பலரும் உள்ளங்கையோடு நிறுத்திவிடுகிறார்கள். கட்டைவிரலும் நக இடுக்கும் விரல் நுனியும் அப்படியே இருக்கின்றன. மூக்கைத் தொடுவது அந்த நுனிதான்! சானிடைசர் என்றால் ஆல்கஹால் 60 சதவீதமாவது இருக்க வேண்டும், காயும்வரை தேய்க்க வேண்டும். கையில் எண்ணெயோ மண்ணோ இருந்தால் அது சரியாக வேலை செய்யாது, சோப்புதான்.

கைகழுவும் இடத்தில் வீட்டுக்கே ஒரு துண்டு தொங்குவதை முதலில் மாற்றுங்கள். ஆளுக்கொன்று, தினமும் வெயிலில் காய வேண்டும்.

நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் பகலில் 7 மணி நேரமாவது தூங்க வேண்டும். தூக்கம் குறைந்தால் சளி எளிதில் பிடிக்கும்.

ஆவி பிடிப்பது சளியைத் தடுக்காது. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோகிறார்கள், அவர்களுக்கு வேண்டவே வேண்டாம். மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் விழுங்காதீர்கள், வைரஸை அது ஒன்றும் செய்யாது.