முதல் நாள் நீட்டிய கடதாசி

லண்டனுக்கு வந்து கடையிலோ பெற்றோல் ஷெட்டிலோ வேலைக்குச் சேரப் போகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். நஷனல் இன்சூரன்ஸ் நம்பர் எடுப்பது, வங்கிக் கணக்குத் திறப்பது எல்லாம் உங்கள் ரூமில் இருக்கிறவர்களே சொல்லித் தருவார்கள். அதை விடுவோம்.

சம்பள விஷயத்தில் தெரிந்திருக்க வேண்டியவை கொஞ்சம்தான். 21 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்குக் குறைந்தபட்சம் மணிக்கு 12.21 பவுண்ஸ் என்று 2025 ஏப்ரலில் ஆக்கினார்கள், 2026 ஏப்ரலிலிருந்து 12.71. வேலை தொடங்கும் நாளிலேயே நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். ஒவ்வொரு சம்பளத்துக்கும் பேஸ்லிப் தர வேண்டும். மணிக்கணக்கில் சம்பளம் மாறினால் எத்தனை மணித்தியாலம் என்பதும் அதில் இருக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு வருடத்தில் 28 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. 'ட்ரயல்' என்று மூன்று நாள் முழுக்கப் பெட்டி தூக்க வைத்துவிட்டு 'சம்பளம் இல்லை' என்றால் அது செல்லாது. சந்தேகம் வந்தால், வேலை உரிமைகள் பற்றி ஆலோசனை சொல்கிற ஏக்காஸ் (Acas) அமைப்புக்குப் போன் அடித்துக் கேளுங்கள், ஆலோசனை இலவசம்.

சரி, இனி என் கதை.

2022இல் ஒரு தமிழ்க் கடையில் சேர்ந்தேன். முதலாளி எங்கள் ஊர்ப் பக்கம்தான். முதல் நாள் மத்தியானம் கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகள் அடுக்கிய இடத்தில் நிற்க வைத்து ஐந்தாறு கடதாசி நீட்டினார். பாஸ்போர்ட் பிரதி, வங்கி விபரம் என்று ஒவ்வொன்றாகக் கையெழுத்து வைத்துக்கொண்டு வந்தேன். கடைசிக் கடதாசிக்கு மேல் விரலை வைத்தார்.

"தம்பி, இது பென்சன். உமக்கு என்னத்துக்கு? ஊருக்குப் போனால் அந்தக் காசு போச்சு. வேண்டாமெண்டு போட்டால் மாசம் அறுபது பவுண் உம்மட கையிலேயே நிக்கும்."

அறுபது பவுண்ஸை மனதுக்குள் ரூபாயாக்கிப் பார்த்தேன். அம்மாவுக்கு அனுப்பலாம். கையெழுத்து வைத்துவிட்டேன்.

இலங்கையில் வேலை செய்தவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி தெரியும். சம்பளத்தில் எட்டு வீதம் எங்களிடம் கழிப்பார்கள், பன்னிரண்டு வீதம் முதலாளி போடுவார். 'வேண்டாம்' என்று கையெழுத்து வைக்கிற கடதாசியே அங்கு கிடையாது. அதனால்தான் இந்த நாட்டில் அப்படி ஒன்று இருப்பது எனக்கு விளங்கவில்லை. இங்கே 22 வயதிலிருந்து அரச பென்சன் வயது வரைக்கும், ஒரே வேலையில் வருடம் 10,000 பவுண்ஸுக்கு மேல் எடுக்கிற எவரையும் முதலாளி தானாகவே பென்சனில் சேர்க்க வேண்டும். மாதக் கணக்கில் 833. நீங்கள் ஸ்டூடன்ட் விசாவா, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதெல்லாம் கணக்கில் இல்லை. மூன்று மாதம் வரை தள்ளிப் போடலாம், ஆனால் அதையும் கடிதத்தில் சொல்ல வேண்டும்.

விலகுகிற உரிமையும் இருக்கிறது. ஆனால் அது சேர்த்த பிறகுதான் வரும். சேர்த்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் விலகினால் கழித்த காசு திரும்ப வரும். விலகுகிற படிவம் பென்சன் நிறுவனத்திடமிருந்து வர வேண்டும், அதை நீங்களாகவே கேட்டு எடுக்க வேண்டும். சேர்க்காமலே முதல் நாள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்த கையெழுத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லை. விலகச் சொல்லி ஆசை காட்டுவதும் வெருட்டுவதும் சட்டத்துக்கு மாறு.

அந்த அறுபதின் கணக்கைப் பாருங்கள். வருடச் சம்பளம் 24,000 என்று வைப்போம். முதல் 6,240ஐ விட்டுவிட்டு மீதிக்குத்தான் பென்சன் வீதம் கணக்கிடுவார்கள். மாதம் உங்கள் பையிலிருந்து போவது 59 பவுண்ஸ். வரிச் சலுகையாக 15 சேரும். முதலாளி 44 போட வேண்டும். 118 பவுண்ஸ் உங்கள் பேரில் சேர வேண்டிய இடத்தில் 59ஐக் கையில் தந்துவிட்டு, தன் 44ஐ மிச்சம் பிடிக்கிறார். ஊருக்குத் திரும்பினாலும் அந்தக் காசு உங்களுடையதுதான். 55 வயதில் எடுக்கலாம், 2028 ஏப்ரலிலிருந்து அது 57.

நான் 26 மாதம் இருந்தேன். முதலாளி போட்டிருக்க வேண்டியது மட்டும் ஆயிரம் பவுண்ஸுக்கு மேல் வரும். இது எனக்குத் தெரிய வந்ததே அடுத்த வேலையில்தான். கூட வேலை செய்த நேபாளப் பெடியன் சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டி, நெஸ்ட் (Nest) என்ற பென்சன் நிறுவனக் கணக்கில் தனக்குச் சேர்ந்த காசைக் காட்டினான். எனக்கு முன்னால் இருந்த பிட்டு அப்படியே ஆறிப்போனது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. பேஸ்லிப்பில் 820 பவுண்ஸ் போட்டுவிட்டு மீதியை என்வலப்பில் தருவது. 833ஐத் தாண்டாததால் பென்சனில் சேர்க்கத் தேவையில்லை என்று காட்டிக்கொள்வார்கள். வரி கட்டாத காசு என்று பிடிபட்டால் உங்கள் தலையும்தான் உருளும். விசா புதுப்பிக்க வருமானம் காட்டும்போது அந்த என்வலப்பை எங்கே காட்டப் போகிறீர்கள்?

பேஸ்லிப்பில் பென்சன் என்று கழிந்திருந்தாலும் அதோடு விடாதீர்கள். போனில் கணக்கைத் திறந்து இரண்டு பங்கும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கழித்த காசை அடுத்த மாதம் 22ஆம் திகதிக்குள் அவர்கள் கட்ட வேண்டும்.

முதலாளிமார் பென்சனைச் சரியாகக் கட்டுகிறார்களா என்று பார்க்கிற பென்சன் ரெகுலேட்டருக்கு முறைப்பாடு எழுதி வைத்துவிட்டு நாலு மாதம் அனுப்பாமல் வைத்திருந்தேன். வந்த புதிதில் எனக்கு வேலை தந்த மனுசன் அல்லவா. பிறகு கோயில் தேர்த் திருவிழாவில் அவரைக் கண்டேன். தண்ணீர்ப் பந்தலில் நின்று எல்லோருக்கும் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கப் தந்து, "தம்பி, இப்ப எங்க வேலை?" என்றார். சொன்னேன். பக்கத்தில் புதிதாக வந்த ஒரு பெடியன் நின்றான், இருபத்துமூன்று வயது இருக்கும். "இவர் நாளைக்கு எங்கட கடையில தொடங்குறார்" என்று அறிமுகப்படுத்தினார்.

அன்று இரவே அனுப்பிவிட்டேன்.